சட்டம் அப்பிடியாம்

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம், விண்ணப்பம் நிரப்புதல், கடிதம் டைப் பண்ணுதல். நான் சட்டம் படித்தவள் இல்லை. ஏஎல் கலைப்பிரிவு, அதற்கு மேல் ஒரு கொம்பியூட்டர் கோஸ், அவ்வளவுதான். ஆனால் பதினொரு வருசமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஊர்ச்சனத்தின் காணி உறுதி, பெர்மிட், அழைப்பாணை எல்லாம் என் மெசினின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழும்பிப் போயிருக்கின்றன. கொப்பி எடுக்கிறவளுக்கு வாசிக்கிற பழக்கமும் வந்துவிடும். நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா தெரியாது.

போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் போயிருந்த நேரம், வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்து பெரியம்மாவின் மகள் வந்தா. எனக்கு அக்கா முறை. பெரியம்மா எப்போதோ போய்விட்டா. பெரியப்பா 2023இல் காலமானார். அவருக்குக் கொலனியில், அதாவது அரசாங்கக் குடியேற்றத்தில், பெர்மிட் காணி, இரண்டரை ஏக்கர் வயலும் வீடு இருக்கும் மேட்டுத் துண்டும். கடைசி வரை அவரைப் பார்த்தது அக்கா. வயலைச் செய்தது அக்காவும் அத்தானும். தம்பிமார் இரண்டு பேர். பெரியவன் கட்டாரில், சின்னவன் மட்டக்களப்பு டவுனில்.

"புள்ள, பெர்மிட் காணி மூத்த ஆம்பிளப் பிள்ளைக்குத்தான் போகுமாம். நான் மூத்தவள் எண்டாலும் பொம்பளையாம். சட்டம் அப்பிடியாம்."

எங்கள் ஊரில் சட்டம் முழுக்க இந்த 'ஆம்' விகுதியில்தான் இருக்கிறது. போகுமாம், ஏலாதாம், பத்து வருசமாம். யார் சொன்னது என்று கேட்டால் கட்டாரில் இருக்கும் தம்பி சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? ஒரு கந்தோரில் யாரோ. அந்த யாரோவுக்கு? அதற்கு மேல் கயிறு அறுந்துவிடும்.

சரி, பார்ப்போம் என்றேன். கரண்ட் வந்ததும் கூகுளில் 'அப்பாவின் காணியில் மகளுக்கு உரிமை' என்று தமிழில் போட்டேன். வந்ததெல்லாம் தமிழ்நாடு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 2005 திருத்தம், பட்டா, சிட்டா, தாசில்தார். வாசிக்க இனிப்பாக இருந்தது. அக்காவுக்குச் சாதகமாகவும் இருந்தது. ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம். தமிழில் தேடுகிற இலங்கைக்காரர் எல்லாரும் முதலில் விழுகிற குழி இதுதான், ஏனென்றால் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தின் ஹைகோர்ட், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சி. ஹைகோர்ட்டை நாங்கள் மேல் நீதிமன்றம் என்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த 'உயர் நீதிமன்றத் தீர்ப்பு' ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போன அண்ணர் ஒருவரை எனக்குத் தெரியும். அது சென்னைத் தீர்ப்பு.

பிறகுதான் பிடிபட்டது, தேடும்போது எங்கள் நாட்டுச் சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கட்டளைச்சட்டம், வர்த்தமானி, பிரதேச செயலாளர், சட்டத்தரணி. கட்டளைச்சட்டம் என்று ஒரு சொல் போட்டாலே கூகுள் பாக்கு நீரிணையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும்.

வந்த பிறகும் இன்னொரு குழி. 'நாங்க தமிழர்தானே, தேசவழமைதான்' என்று பக்கத்துக் கடை அண்ணர் அடித்துச் சொன்னார். தேசவழமை என்ற வழமைச்சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு அது இல்லை, எங்களுக்குப் பொதுச்சட்டம். சொத்துரிமை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி போகும். மரணசாசனம் எழுதாமல் ஒருவர் செத்தால் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் பேதம் இல்லை. அதற்கு முன்னே எங்கள் பகுதியில் முக்குவர் சட்டம் என்று ஒரு வழமை இருந்தது. தாய்வழி, தாய்மாமனின் சொத்து சகோதரியின் மகனுக்கு. இன்றைக்கு அது சட்டமாக இல்லை. ஆனாலும் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கிற பழக்கத்தில் அதன் வாசம் இன்னும் அடிக்கிறது. பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேசவே மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், அரசாங்கக் காணி மட்டும் ஆம்பிளைக்கு என்று ஒரு சட்டமா என்பதுதான் என் மண்டையைக் குடைந்தது.

ஆனால் அந்த 1876 சட்டம் உறுதிக் காணிக்குத்தான் உதவும். பெர்மிட் வேறு சாதி. காணி அரசாங்கத்தினுடையது, நிபந்தனையோடு தந்திருக்கிறார்கள். அதற்கான சட்டத்தின் பெயரை நான் இரண்டு நாள் இணையத்தில் துழாவினேன். பெயர் அக்காவின் கையிலேயே இருந்தது.

அடுத்த முறை வரும்போது பெர்மிட்டைக் கொண்டு வரச் சொன்னேன். பால்மா டின் ஒன்றுக்குள் பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பட்டி. நான்காக மடித்தது, மடிப்பு வழியே கிழிந்து, யாரோ பின்பக்கம் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மூலையைக் கறையான் தொட்டுப் பார்த்திருக்கிறது. பெரியப்பாவின் பெயரைப் பேனையால் எழுதியிருந்தார்கள்; மை ஊதாவாகிப் போயிருந்தது. கண்ணாடியில் மெதுவாக வைத்து, மூடியை அழுத்தாமல் கையால் பிடித்துக்கொண்டு எடுத்தேன். தலைப்பில், அச்செழுத்தில்: காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்.

இதை யாராவது வாசித்தால் உதவும் என்பதால் சொல்லி வைக்கிறேன். எந்தச் சட்டத்தைத் தேடுவது என்று தெரியாவிட்டால், முதலில் கையில் இருக்கும் கடதாசியின் தலைப்பையும் அடியையும் பாருங்கள். பெர்மிட்டோ, அழைப்பாணையோ, கந்தோரில் இருந்து வந்த கடிதமோ, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பது அனேகமாக அங்கே இருக்கும்.

பெயர் கிடைத்த பிறகு மிச்சம் சுகம் என்று நினைத்தேன். கொமன்லீ என்று ஒரு தளம் இருக்கிறது. பொதுநலவாய நாடுகளின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். இலங்கைக்கும் ஒரு பகுதி உண்டு, ஆங்கிலத்தில். அங்கே எங்கள் கட்டளைச்சட்டம் முழுதாகக் கிடந்தது. தனக்குப் பிறகு இன்னாருக்கு என்ற நியமனம் எதுவும் இல்லாமல், கணவனோ மனைவியோ உயிரோடு இல்லாமல், பெர்மிட்காரர் செத்தால் யாருக்குப் போகும் என்பது கடைசியில் மூன்றாம் அட்டவணையில் வரும். திறந்து பார்த்தேன். முதல் வரிசை மகன்மார். இரண்டாவது மகள்மார். ஒரே வரிசைக்குள் மூத்தவருக்கு முன்னுரிமை. அதாவது மகன் ஒருவன் இருந்தால், கடைக்குட்டியாக இருந்தாலும், மூத்த மகளுக்கு முன்னே அவன்.

தம்பி சொன்னது சரிதான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, அக்காவிடம் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கடதாசியை மடித்து, பெர்மிட் இருந்த அதே பொலித்தீனுக்குள் வைத்துக்கொண்டு போனா. குருமண்வெளியில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும், வாவியைக் கடக்கிற படகில் ஏறி மண்டூர் போய்ச் சேரும் வரைக்கும் எப்படி இருந்திருப்பா என்று பிறகு நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்தது பிழை. பிழையைக் கண்டுபிடித்துத் தந்தது ஒரு நூலகர்.

வேறு அலுவலாக டவுனுக்குப் போன நாள், ஒரு நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்குள் ஏறினேன். மனம் கேட்கவில்லை, வேறொன்றும் இல்லை. 1956ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு, தடித்த ஆங்கிலத் தொகுதிகள். எங்கள் கட்டளைச்சட்டம் அதில் 464ஆம் அத்தியாயம். ஒரே சட்டத்துக்கு இப்படி இரண்டு அடையாளம்: 1935இன் 19ஆம் இலக்கம் என்பது பிறந்த திகதி, அத்தியாயம் 464 என்பது அந்தப் பதிப்பில் அது குடியிருக்கும் வீட்டு இலக்கம். தீர்ப்புகளில் இரண்டையும் மாறி மாறிப் போடுவார்கள். இது தெரியாமல் இரண்டு வேறு சட்டம் என்று நினைத்து நான் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

நூலகர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடியவ. என்ன தேடுகிறேன் என்று கேட்டா. பையில் இருந்த என் பிரிண்டைக் காட்டினேன். மூன்றாம் அட்டவணையை அவ பார்க்கவே இல்லை. பக்கங்களைப் புரட்டி, பிரிவுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சதுர அடைப்புக்குள் இருந்த எழுத்துகளில் விரலை வைத்தா.

"தங்கச்சி, இந்த அடைப்புகள் எல்லாத்திலயும் கடைசியா வாற வருசம் என்ன?"

அந்த அடைப்புகளை நான் அச்சுப்பிழை மாதிரித் தாண்டிப் போயிருந்தேன். இந்தப் பிரிவு இந்த ஆண்டின் இத்தனையாம் இலக்கச் சட்டத்தால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு அது. ஒன்றில் 1969, இன்னொன்றில் 1981. தேடிப் பார்த்தோம்; என் பிரதியில் எதுவும் தொண்ணூறுகளைத் தாண்டவில்லை.

"அதுக்குப் பிறகு பாராளுமன்றம் சும்மாவா இருந்திருக்கும்?" என்றா.

முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. பால்மா டின்னுக்குத் திகதி பார்த்து வாங்குகிற நான், சட்டத்துக்குத் திகதி பார்க்கவில்லை.

அன்று இரவே கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளம், டொக்கியூமென்ட்ஸ் டொட் கவ் டொட் எல்கே. வர்த்தமானி, சட்டமூலம், சட்டம் எல்லாம் ஆண்டு வாரியாக, மூன்று மொழியிலும் பிடிஎப். பாராளுமன்றத்தின் தளத்திலும் சட்டங்கள் உண்டு. ஒன்று திறக்காத நேரம் மற்றது திறக்கும். இதற்குத் தேடல் பெட்டியை நம்பவில்லை. புதிய ஆண்டில் இருந்து பின்னோக்கி, ஒவ்வொரு ஆண்டின் பட்டியலையும் திறந்து, 'காணி' என்ற சொல்லுக்காகக் கண்ணை ஓட்டினேன். பின்னோக்கித்தான் வர வேண்டும். கடைசியாக என்ன மாறியது என்பதுதானே தேவை. நெடுநேரம் போகவில்லை. 2022, இலக்கம் 11, காணி அபிவிருத்தித் திருத்தச் சட்டம்.

திருத்தச் சட்டத்தை வாசிப்பது தையல்காரரின் அளவுச் சீட்டை வாசிப்பது மாதிரி. சட்டை தெரியாது, வெட்டும் ஒட்டும்தான் தெரியும். முதன்மைச் சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுக, இப்படியே போகும். தனியாக வாசித்தால் தலை சுற்றும். பழைய பிரிண்டைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வெட்டி வெட்டி மேலே எழுதினேன். மூன்றாம் அட்டவணைக்கு வந்தபோது கை தானாக மெதுவாகிவிட்டது. மகன்மார், மகள்மார் என்று இரண்டு வரிசையாக இருந்த இடத்தில் இப்போது ஒரே வரிசை: பிள்ளைகள். மூத்தவருக்கு முன்னுரிமை என்பது அப்படியே. பேரன் பேத்தி, சகோதரன் சகோதரி என்று கீழே வருகிறவர்களிலும் ஆண் முதல் என்ற கணக்கு போய்விட்டது.

சபாநாயகர் சான்றுரை எழுதி அது சட்டமானது 2022இல். பெரியப்பா செத்தது 2023. மூத்த பிள்ளை அக்கா.

இரவு பதினொரு மணிக்குப் படுவான்கரைக்குப் போன் எடுத்தால் செத்தவீடு என்று நினைப்பார்கள், அதனால் விடியும் வரை பொறுத்தேன்.

அக்காவுக்குச் சொன்னபோது, "அண்டைக்கு நீதானே மற்றப் பக்கமாச் சொன்னாய்?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. இந்த முறை சும்மா சொல்லவில்லை, மூன்று மொழிப் பிரதியையும் எடுத்து வைத்தேன். தமிழில் வாசிப்பவர்கள் எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவை ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் பொருத்தமின்மை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் சறுக்கினால் நட்டம் எங்களுக்கு. அம்பாறையில் என்னோடு கொம்பியூட்டர் கோஸ் படித்த ஒரு சிநேகிதியிடம் சிங்களப் பக்கத்தை அனுப்பி, அந்த அட்டவணையை மட்டும் வாசித்துச் சொல்லச் சொன்னேன். 'தருவோ' என்றுதான் இருக்கிறது, பிள்ளைகள், என்றாள்.

இதற்கிடையில் சின்னத் தம்பி ஒரு புதுக் கதையோடு வந்தான். ஒரு துண்டு வயலை அவன்தான் குத்தகைக்குக் கொடுத்து வந்தானாம், பத்து வருசம் ஆண்டால் சொந்தமாம். இந்தப் பத்து வருசம் எங்கே இருந்து வருகிறது என்றால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம், 3ஆம் பிரிவு. இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் கூட்டு உரித்தாளர்களுக்குள், அதாவது சகோதரங்களுக்குள், சும்மா பத்து வருசம் இருந்தது போதாது என்று 1911லேயே பிரிவிக் கவுன்சில், அந்தக் காலத்தில் எங்கள் வழக்குகளுக்கு உச்சியாக லண்டனில் இருந்த மன்றம், சொல்லிவிட்டது. கொறியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கு, 15 என்எல்ஆர் 65. இந்த எழுத்தும் இலக்கமும் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. பதினைந்தாம் தொகுதி, நியூ லோ ரிப்போர்ட்ஸ், அறுபத்தைந்தாம் பக்கம், அவ்வளவுதான். 1978க்குப் பிறகு வந்தவை ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ். கொமன்லீயில் பழைய தீர்ப்புகள் கிடைக்கும். புதியவை உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் சொந்தத் தளங்களில். அனேகம் ஆங்கிலம். எனக்கு ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம் போகும், அதனால் முதலில் கடைசி இரண்டு பக்கத்தைத்தான் வாசிப்பேன். தம்பியின் கதைக்கு இவ்வளவு தூரம் போயிருக்கவும் தேவையில்லை. பெர்மிட் காணியில் ஆட்சியை வைத்து உரிமை கேட்க முடியாது என்று காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மிஞ்சியது ஒரே ஒரு பயம். பெரியப்பா உயிரோடு இருக்கும்போது யாரையாவது பின்னுரித்தாளராக நியமித்திருந்தால் அட்டவணைக்கே வேலை இல்லை; நியமனம் முறையாகப் பதியப்பட்டிருந்தால் அதுதான் செல்லும். அக்காவுக்குத் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அதன் கீழ் ஒரு விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுத்தேன். பெர்மிட் இலக்கம், பெரியப்பாவின் பெயர், பின்னுரித்து நியமனம் பதிவில் உண்டா, உண்டென்றால் பிரதி. மூன்றே வரி. நீட்டி எழுதினால் பதிலும் நீண்டு நழுவும் என்பது என் அனுபவம். கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது, தமிழில்: நியமனம் எதுவும் பதியப்படவில்லை.

பென்சில் வெட்டுப் பிரதி, பிடிஎப், மரண அத்தாட்சிப் பத்திரம், இந்தக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு அக்காவைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். அங்கே இருந்த சட்டத்தரணி சேர் இளம் ஆள். பைலைப் பத்து நிமிசத்தில் புரட்டி முடித்துவிட்டார். என் பென்சில் வேலையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அம்மா, அப்பா செத்து ஆறு மாசத்துக்குள்ள காணியில ஆர் இருந்தது?"

கணவனோ மனைவியோ, நியமிக்கப்பட்டவரோ ஆறு மாசத்துக்குள் காணியை ஆட்சியில் எடுக்காவிட்டால் உரித்துத் தவறிப் போகும் என்று 68ஆம் பிரிவில் இருக்கிறது; அதனால்தான் எங்களிடமும் கேட்டார். நான் அட்டவணையைத் தேடிப் போய், நடுவில் இருந்த இதை வாசிக்காமல் தாண்டிவிட்டேன். நல்ல காலம், அக்கா அந்தக் காணியை விட்டு ஒரு நாளும் வெளிக்கிடவில்லை. அதைக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில், கமநல சேவை நிலையத்தில் உரம் எடுத்த துண்டு. அத்தான் உரத் துண்டுகளை எல்லாம் கம்பியில் குத்தி அடுப்படியில் தொங்கவிட்டிருந்தார். புகை பிடித்துக் கறுத்துப் போய், ஆனால் திகதி தெரிந்தது. எண்ணெய் பிசுக்கோடு அதையும் நான்தான் கொப்பி எடுத்தேன். கண்ணாடியைத் துடைக்க இரண்டு தரம் ஸ்பிரிட் போட வேண்டி வந்தது.

கட்டார்த் தம்பிக்குத் திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் நீலக் கோடு மட்டும். மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு: "சரி அக்கா, எனக்குச் சொன்னவங்கள் பழசைச் சொல்லியிருக்காங்கள். அவ பேரில மாத்தட்டும். ஆனா நான் வந்தா ஒரு அறை வேணும்." அறை பற்றி எந்த அட்டவணையிலும் இல்லை, அக்கா தாறன் என்று சொல்லிவிட்டா.

காணி விசாரணை முடிந்த அன்று அக்காவோடு நானும் போயிருந்தேன். திரும்பி வரும்போது பாதையில் சனம் நெரிசல், மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டுதான் வந்தோம். அக்கா பால்மா டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தா. பக்கத்தில் நின்ற மனிசி என்ன அலுவல் என்று கேட்டதற்கு, "பெர்மிட் என்ட பேருக்கு வருமாம்" என்றா. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வரும்" என்று திருத்தினா.

இன்னும் வரவில்லை. மூன்று மாதம் ஆகுமாம். இந்த 'ஆம்' எனக்கு நேரே சொல்லப்பட்டது. சொன்ன திகதியைப் பைலின் மட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.